பருத்தி வரி: யாரைக் கேட்டு எடுத்தாங்க?

ட்ரம்ப் தன்னிஷ்டத்துக்கு வரி போடுறார்னு மீம் போட்டோமே தோழர்களே, நம்ம ஊர்க் கதையையும் கொஞ்சம் பாருங்க.

2025 ஆகஸ்ட் 18. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துக்கிட்டு இருக்கு. பருத்தி மேல இருந்த 11% இறக்குமதி வரியை ஒன்றிய அரசு ஒரே அறிவிக்கையில தூக்கிருச்சு, செப்டம்பர் 30 வரைக்கும். கூட்டத்தொடர் 21-ம் தேதி முடிஞ்சுது. 28-ம் தேதி அதையே டிசம்பர் 31 வரை நீட்டிட்டாங்க!

சுங்கச் சட்டம் 25-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் குடுக்குது, மறுக்கல. மில்லுகளுக்குப் பஞ்சு மலிவா வேணும், அதுவும் நியாயம். ஆனா புரட்டாசி மழையை நம்பி திருமங்கலம் கரிசல்ல பருத்தி ஊன்றுற சம்சாரி? அவருக்காகப் பேச அவையில ஒரு வாக்கெடுப்புகூட இல்லையே!

அவசரமா இறக்குமதி வரியை ஏத்தினா நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கணும்னு சட்டம் இருக்கு. எடுக்குறதுக்கும் அதே ஒப்புதல் வேணும்னு நம்ம எம்.பி.க்கள் கேக்கணும்.