முடிப்பவரும் வென்றவரே

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும் சூதாட்டம்தான். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. நெடுந்தூரக் குதிரைச் சவாரி பற்றி.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ல் வெண்டல் ரோபி என்பவர் தொடங்கிய ‘டெவிஸ் கோப்பை’ சவாரி இதில் பெயர் பெற்றது. சியரா நெவாடா மலையைக் கடந்து ஆபர்ன் நகர் வரை 100 மைல். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் ஆங்காங்கே கால்நடை மருத்துவர்கள் குதிரையைச் சோதிப்பார்கள். நாடித் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்காவிட்டாலோ, கால் நொண்டினாலோ பயணம் அத்துடன் சரி. முதலில் வருபவருக்குக் கோப்பை உண்டு. ஆனால் நல்ல நிலையிலுள்ள குதிரையோடு நேரத்துக்குள் வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் வெள்ளி பக்கிள் உண்டு. 1972-ல் உருவான அமெரிக்க நெடுந்தூரச் சவாரி அமைப்பின் கொள்கையே ‘முடிப்பதே வெற்றி’ என்பதுதான்.

இப்படி இருக்கும்போது பக்கத்தில் வருபவரைத் தள்ளிவிட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆரம்பத்தில் வேகம் கூடாது, தண்ணீர் கண்ட இடத்தில் குதிரையைக் குடிக்க விடு, செங்குத்தான இடத்தில் இறங்கி நட என்றெல்லாம் அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிறுவர்கள் கலந்துகொண்டால் ஒரு பெரியவர் தாமும் குதிரையேறி, அதே வெயிலில், அதே புழுதியில் வழி முழுவதும் கூடவே வர வேண்டும்.

ஊக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 1973-ல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டியதால் அவர் சவாரியை இடையிலேயே விட வேண்டியதாயிற்று. 1961-ல் டெவிஸ் கோப்பையை வென்ற முதல் பெண்மணியான ட்ரூசிலா பார்னர், “நீ ஏன் காலால் ஓடிப் பார்க்கக் கூடாது?” என்ற விதமாக அவரைத் தூண்டினார். 1974-ல் ஐன்ஸ்லி குதிரைகளோடு சேர்ந்து ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். இன்று உலகப் புகழ் பெற்ற ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ 100 மைல் ஓட்டம் அதிலிருந்து பிறந்ததுதான்.

ரயில்வேயிலும் இந்த வழக்கம் உண்டு. எத்தனை வருட சர்வீஸ் உள்ள டிரைவரானாலும் புதிய செக்‌ஷனில் உடனே தனியாக வண்டியை எடுக்க முடியாது. பாதை தெரிந்தவரோடு போய் ஏற்ற இறக்கம், வளைவு, சிக்னல் எல்லாம் பழகிய பிறகே பொறுப்பு தருவார்கள். இதை யாரும் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை.

நம் சங்கங்களில் நடப்பது என்ன? ஆண்டு விழாவில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டுகிறோம். அது தேவைதான். ஆனால் ஊரிலிருந்து வந்து, புரியாத இந்தியில் தடுமாறி, ஒரு வருடம் தவறி, மறுபடி எழுதித் தேறிய பையனை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. தோற்ற வருடத்தில் அவன் வீட்டுக்குப் போனவர்களும் குறைவு. அறிவுரை சொல்ல நம்மில் பஞ்சமில்லை. கூட வருவதற்குத்தான் ஆள் இல்லை.

என் யோசனை இரண்டு. விடாமல் படித்து முடித்தவர்களுக்கும் விழாவில் ஒரு பரிசு வைக்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்து மூத்தவர் ஒருவர் முதல் வருடம் முழுவதும் துணையாக இருந்து, பள்ளிக்கூடம், பாங்க், ஆஸ்பத்திரி என்று கூடவே போய் வர வேண்டும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களிடம் நேரத்துக்குக் குறைவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதை விவாதிக்க வேண்டுகிறேன்.