‘பூமி எப்பவும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு’ என்பவர்களுக்கு ஒரு சுண்ணாம்புக் கணக்கு

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். "பூமி தோன்றிய நாளிலிருந்து சூடாவதும் குளிர்வதும் வழக்கம்தான். ஒரு காலத்தில் அரியலூரே கடலாக இருந்தது. அப்போது எந்தக் கார் ஓடியது? எந்த ஆலை புகை விட்டது? எல்லாம் இயற்கை. வீணாகப் பயமுறுத்துகிறார்கள்." திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து மக்களுக்கு அரியலூர் உதாரணம் சட்டென்று பிடித்துவிடுகிறது. ஒரு கும்பிடு பொம்மையும் சேர்த்து அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பூமி மாறி வந்தது உண்மை. அரியலூர் கடலாக இருந்ததும் உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. ஏன் தவறு என்பதை அந்தச் சுண்ணாம்பை வைத்தே சொல்லிவிடலாம். வேதியியல் நடத்தியவன் என்பதால் வகுப்பறைச் சோதனை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாயை வைத்து ஊதினால் நீர் பால் போல ஆகும். நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. இதை எல்லோரும் பள்ளியில் பார்த்திருப்போம். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவோம். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்தப் பால் மறுபடி தெளிந்துவிடும். வாயு அளவுக்கு மீறிப் போனதும், உண்டான கார்பனேட்டையே கரைத்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. முதலில் வெண்மை, பிறகு கரைதல். இந்த இரண்டு படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலிலும் இதுதான் நடக்கிறது.

இப்போது நம் ஊர்ப் பாறைகளுக்கு வருவோம். இந்தியா கோண்டுவானா பெருநிலத்திலிருந்து பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் கடல் புகுந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய கல்லக்குடி, ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர்ப் பகுதிகளில் கடல் ஏறியும் இறங்கியும் இருந்தது. 1862இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வைத்த மூன்று பிரிவுப் பெயர்களும் இன்றைக்கும் உலக நிலவியல் நூல்களில் வழங்குகின்றன. இங்கே கிடைத்த உயிரினப் படிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா பல தொகுதிகளாக விவரித்து எழுதினார். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்தை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர்தான்.

ஆக, நம் வீட்டு வாசலிலேயே ஒரு பழைய ஏடு இருக்கிறது. ஆனால் அது கரையோரக் கடலில் எழுதப்பட்ட ஏடு. அலையும் ஆறும் புரட்டிப் போட்டதில் நடுவே பல பக்கங்கள் இல்லை. கடல் பின்வாங்கிய காலத்துக்குப் பதிவே கிடையாது. தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஏடு வேண்டுமென்றால் கரையிலிருந்து வெகுதூரம், ஆழ்கடலுக்குப் போக வேண்டும்.

ஆழ்கடலின் மேல்நீரில் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் மிதக்கின்றன. ரவைக் குருணை அளவுதான் இருக்கும். கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். இவற்றைவிட நுண்ணிய பாசிகளும் சுண்ணாம்புத் தகடுகளைச் செய்துகொள்கின்றன. இறந்ததும் இந்த ஓடுகள் மழை போலக் கடலடியில் விழுகின்றன. படியும் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குப் படிய, ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 36 லட்சம் ஆண்டுகள் ஆகும்!

கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி இந்தப் படிவை உருளையாக எடுக்கிறார்கள். அந்தந்த அடுக்கில் உள்ள ஓடுகளைப் பொறுக்கிச் சோதிக்கிறார்கள். ஆக்சிஜனில் எடை குறைந்த ஆக்சிஜன்-16, எடை கூடிய ஆக்சிஜன்-18 என இரண்டு வகை முக்கியம். கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்தது எளிதாகப் போகும். பனியுகத்தில் அது துருவப் பனியில் அடைபட்டுவிடுவதால் கடலில் எடை கூடியதன் பங்கு உயரும். நீர் குளிர்ந்திருந்தாலும் ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடும். வெப்பத்தைத் தனியே பிரித்தறிய ஓட்டிலுள்ள மக்னீசியம் உதவுகிறது. வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த ஓட்டில் மக்னீசியம் அதிகம். ஆக, ஒரு ரவைக் குருணை, தான் வாழ்ந்த நாளின் கடலைக் குறித்துவைத்திருக்கிறது.

இந்த ஏட்டின் புகழ்பெற்ற பக்கமொன்று நம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து வந்தது. அங்கே எடுத்த இரண்டு உருளைகளை வைத்துத்தான் 1976இல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் பனியுகங்களின் தாளத்தைக் கண்டார்கள். சுமார் 1 லட்சம், 41 ஆயிரம், 23 ஆயிரம் ஆண்டு இடைவெளிகள். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறும் கால அளவுகளோடு அவை பொருந்தின. வாட்ஸ்அப் நண்பர்கள் சொல்லும் ‘இயற்கை மாற்றம்’ இருக்கிறதே, அதை நிரூபித்ததே இந்தச் சுண்ணாம்புதான். அதை யாரும் மறைக்கவில்லை.

அதே ஏட்டில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும் அல்லவா? கடைசிப் பனியுகத்திலிருந்து வெளியே வர உலகின் சராசரி வெப்பம் சுமார் 5 டிகிரி உயர்ந்தது. அதற்குப் பிடித்த காலம் ஏறத்தாழ 10 ஆயிரம் ஆண்டுகள். நாமோ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் 1 டிகிரியைத் தாண்டிவிட்டோம். மாற்றம் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால், காவிரியில் ஆடிப்பெருக்கும் அணை உடைப்பும் ஒன்று என்று சொல்வது போல ஆகும்.

"அப்போது எந்த ஆலை இருந்தது?" என்ற கேள்விக்கும் சுண்ணாம்பு பதில் வைத்திருக்கிறது. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆக்சிஜன் அற்றுப்போனது. காரைப் படிவுகளின் கால எல்லைக்குள் வருகிற நிகழ்ச்சி அது. பெரும் எரிமலைப் பெருக்கு கக்கிய வாயுவே காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆலை இல்லைதான். ஆனால் வாயு அதே வாயு. அது எரிமலையிலிருந்து வந்ததா, புகைபோக்கியிலிருந்து வந்ததா என்று கடல் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தது. உலகம் 5, 6 டிகிரி சூடானது. 2003இல் தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்கு மேற்கே கடலடியைத் துளைத்தபோது, வெண்மையான சுண்ணாம்புப் படிவு திடீரென்று நின்று செம்பழுப்புக் களிமண்ணாக மாறுவதைப் பல உருளைகளில் பார்த்தார்கள். சோதனைக்குழாயில் ஊதிக்கொண்டே இருந்த அந்த இரண்டாவது படி இதுதான். கார்பன் மிகுந்து கடல் அமிலத்தன்மை பெற்றதும், விழுந்த ஓடுகளெல்லாம் கரைந்துவிட்டன. ஆழ்கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அழிந்தன. பாறைகள் மழையில் தேய்ந்து, ஆறுகள் கால்சியத்தைக் கொண்டுவந்து, கடல் மறுபடி வெள்ளைப் படிவை இட ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது.

இயற்கை தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்துகொள்ளும்தான். ஒரு லட்சம் ஆண்டு. கரிகாலன் காலத்திலிருந்து இன்றுவரை சுமார் 2 ஆயிரம் ஆண்டுகள்தான்.

அந்த நிகழ்ச்சியில் கார்பன் வெளிவந்த வேகத்தை ஆண்டுக்கு 100 கோடி டன் அல்லது அதற்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். நாம் இன்று ஆண்டுக்குச் சுமார் 1000 கோடி டன் கார்பனை வெளியேற்றுகிறோம். பத்து மடங்கு வேகம். நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு மேல்கடலின் அமிலத்தன்மை ஏற்கெனவே 30 சதவீதம் அளவு கூடியிருக்கிறது. இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இது எங்கோ அட்லாண்டிக் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2014–15இல் ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் என்ற ஆய்வுக்கப்பல் வங்காள விரிகுடாவில் துளையிட்டது. மகாநதி முகத்துவாரத்துக்கு எதிரே எடுத்த படிவுகளை வைத்துக் கடந்த 9 லட்சம் ஆண்டுகளின் பருவமழையைக் கணக்கிட்டு 2021இல் வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிப் பனி குறைந்த காலங்களில் மழை வலுத்திருக்கிறது. குடகில் பெய்யும் பருவமழையை நம்பி மேட்டூரையும், மேட்டூரை நம்பிக் குறுவையையும் வைத்திருக்கும் நமக்கு இது அந்நியச் செய்தியா? முக்கொம்பில் மிதமிஞ்சி வரும் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டு, சில மாதங்களில் வறண்ட மணலைப் பார்க்கும் ஊர் நம்முடையது.

இனி நம் பக்கத்துக் கணக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். எரிக்கும் கரியின் புகை தனிக்கணக்கு. கல்லக்குடியில் சிமென்ட் ஆலை 1939இல் வந்தது. 1953இல் அந்த ஊரின் பெயருக்காக நடந்த போராட்டம் தமிழக அரசியலில் ஒரு மைல்கல். பெயரை மீட்டோம். ஆனால் அந்த மண்ணுக்கடியில் என்ன இருந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்? அங்கே சுடப்படுவது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பவளங்களும் பாசிகளும் கடலிலிருந்து எடுத்துப் பூட்டிவைத்த கார்பன்.

சிமென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கான்கிரீட் கூரைக்கு அடியில்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தேவையான அளவு கட்டுவோம். கட்டியதை இடித்துவிட்டு மறுபடி கட்டும் ஆடம்பரத்தைக் குறைப்போம். அதோடு, ஏட்டின் சில பக்கங்களையாவது சுடாமல் வைப்போம். தோண்டி முடித்த சுரங்கங்களில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும் சுவர்கள் சிலவற்றை மூடிவிடாமல், பிள்ளைகள் பார்த்துப் படிக்கும் இடங்களாக விட்டுவைக்கலாம்.

காரை–கொளக்காநத்தம் பகுதியை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாமோ அதைக் குட்டி கிராண்ட் கேன்யன் என்று படம் எடுத்துப் போடும் இடமாக்கிவிட்டோம். ஒரு சிப்பிக்கல்லை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத சிப்பிக்கல்லால் ஆய்வாளருக்குப் பயன் மிகக் குறைவு. நிலவியல் மரபுச் சின்னங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. தாளில் இருக்கும் அக்கறை காரையில் ஒரு வேலியாக, ஒரு காவலராக, தமிழில் எழுதிய விளக்கப் பலகையாக மாற வேண்டும். பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து செய்யக்கூடிய காரியம்தான் இது.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லணை, முக்கொம்பு, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள். மகிழ்ச்சி. ஒரு வருடம் பாடாலூர் வழியாகக் காரைக்கும், அங்கிருந்து சாத்தனூர் கல்மரத்துக்கும் அழைத்துப் போங்கள். எதையும் எடுக்காமல் பார்த்துவிட்டு வரட்டும். முந்தின நாள் வகுப்பில் சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்லுங்கள். பால் போல ஆனதும் நிறுத்திவிட வேண்டாம். தெளியும் வரை ஊதட்டும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேலை. ‘எல்லாம் இயற்கை’ என்ற அந்தச் செய்தி அடுத்த முறை வரும்போது சண்டை போட வேண்டாம். "அப்போது எத்தனை ஆயிரம் ஆண்டுகளில் மாறியது, இப்போது எத்தனை ஆண்டுகளில் மாறுகிறது?" என்று மட்டும் அந்தக் குழுவில் கேளுங்கள்.

— ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், ஸ்ரீரங்கம்