கடலுக்கு இரண்டு நாள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் புசா ரோடு, கரோல் பாக், ராஜேந்திர நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: டிக்கெட் கிடைத்ததா, இல்லையா? புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் கோடை விடுமுறை விட வேண்டியதுதான் தாமதம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ மூட்டை முடிச்சுகளுடன் ஏறிவிடுவோம். சென்னை வரை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். அங்கிருந்து சொந்த ஊருக்கு இன்னொரு வண்டி, இல்லாவிட்டால் பஸ். இருபது நாள் லீவில் பிரயாணத்துக்கே ஐந்து நாள் போய்விடும். மீதி நாட்களில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், பாகப்பிரிவினைப் பஞ்சாயத்து, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். திரும்பி வந்து அலுவலக நாற்காலியில் உட்காரும்போதுதான் 'அப்பாடா' என்று இருக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விடுமுறை.

இந்த இருபது நாளில் இரண்டே இரண்டு நாளைக் கடலுக்கு ஒதுக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்துக்காரர்கள் நாம். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர் கடலைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள்.

கடற்கரையில் விடுமுறை என்றால் பணக்காரர் சமாசாரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அதற்குக் காரணம் பத்திரிகைகளில் வரும் படங்கள். மத்தியதரைக் கடலோரத்தில் நீஸ், கான், காப்ரி என்று ஊர்கள். கோடுபோட்ட குடைகளின் கீழே சாய்வு நாற்காலி போட்டு வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிறார்கள். மதியம் நீண்ட சாப்பாடு, அதன்பின் தூக்கம், மாலையில் உடுத்திக்கொண்டு கடலோர வீதியில் மேலும் கீழுமாக உலாத்தல். அங்கே போய் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு விலை.

நம் நாட்டிலும் அந்த மாதிரி இடங்கள் உண்டு. சென்னைக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் உள்ள கோவளத்தில், 1752-இல் ராபர்ட் கிளைவ் பிடித்த பழைய கோட்டை இருந்த பக்கத்தில், 1970-களிலேயே பெரிய கடற்கரை ஹோட்டல் வந்துவிட்டது. இன்று மாமல்லபுரம் வரை வழிநெடுக அதே வகை விடுதிகள். ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையில் நம்மில் பலர் ஒரு மாத வீட்டு வாடகையைக் கொடுத்துவிடலாம்.

அந்தத் தொகைக்கு என்னதான் கிடைக்கிறது? கடல் அவர்களுடையது அல்ல. காற்றும் அல்ல. வெயிலோ, மே மாதத்துப் புசா ரோட்டில் வேண்டிய மட்டும் இலவசம். அதைக் காசு கொடுத்துக் காய வேண்டிய அவசியம் குளிர் தேசத்தாருக்குத்தான். குளிர்பதன அறை கிடைக்கிறது, மெத்தை கிடைக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒன்று கிடைக்கிறது: வீட்டு எஜமானிக்கு அடுப்படியிலிருந்து விடுதலை.

இதைச் சற்று யோசிக்க வேண்டும். நம் விடுமுறையில் ஆண்களாவது திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறோம். பெண்களுக்கு ஏது லீவு? தில்லியில் நாலு பேருக்குச் சமைத்தவள், ஊரில் பதினாலு பேருக்குச் சமைக்கிறாள். காலை டிபன் முடிந்து பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு உலை வைக்கும் நேரம். மருமகள் தில்லியிலிருந்து வந்திருக்கிறாள் என்றால் மற்றவர்களுக்கு ஓய்வு என்று அர்த்தம். அவள் கரண்டியைத் தொடாத இரண்டு நாள் வருஷத்தில் வர வேண்டும் என்பதற்காகவே கடற்கரைக்குப் போகலாம் என்பேன். அதற்குப் பெரிய ஹோட்டல் வேண்டியதில்லை. சுமாரான லாட்ஜில் ஓர் அறையும், மூன்று வேளையும் மெஸ் சாப்பாடும் போதும்.

மத்தியதரைக் கடலோரமும் ஆதியில் சம்பளக்காரர்களுக்குத் திறந்திருக்கவில்லை. 1922-இல் நீல வண்ணப் பெட்டிகளுடன் பிரான்ஸின் தென்கரைக்கு ஓடத் தொடங்கிய சொகுசு ரயிலில் முதல் வகுப்பு மட்டும்தான். 1936-இல் அந்த நாட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆலைகளில் உட்கார்ந்து, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்ற சட்டத்தைப் பெற்றார்கள். சட்டத்தோடு நிற்காமல், லியோ லாக்ரான்ஜ் என்ற துணை அமைச்சர், விடுப்பில் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடியும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையில் பல லட்சம் பேர் அந்த டிக்கெட்டில் பயணம் செய்தார்கள். கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளர்கள் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பெருமை உண்டு.

எங்களுக்குப் பாஸ் இருக்கிறது. மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை இருக்கிறது. கரோல் பாக் கடைகளிலும் மெஸ்களிலும் சிறு பட்டறைகளிலும் உழைக்கும் நம்மவர்களுக்கு? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு எட்டிப் பார்க்காத இடங்கள் இன்றும் எத்தனையோ. ஊருக்குப் போனால் சம்பளம் பிடிக்கும் முதலாளியிடம் இருப்பவருக்கு நான் சொல்லும் இரண்டு நாள் இரண்டு நாள் கூலி. அதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

சரி, போய் என்ன செய்வது? விடியற்காலையில் போங்கள். நம் கடல் கிழக்குக் கடல். சூரியன் தண்ணீரிலிருந்துதான் எழுந்து வரும். மத்தியதரைக் கடற்கரைகள் பலவற்றில் இந்தக் காட்சி கிடையாது. படகுகள் கரை சேரும் நேரமும் அதுதான். கோவளத்தில் மீன் ஏலம் போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குப்பத்துப் பையன்கள் பலகை மீது நின்று அலைச்சறுக்கு விளையாடுவதைப் பார்க்கலாம். தர்காவும் மாதா கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்பது மணிக்குமேல் வெயிலில் நிற்காதீர்கள். அறையில் தூங்குங்கள், வெட்கப்படாமல் தூங்குங்கள். மாலையில் மாமல்லபுரம், எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலை அவசரப்படாமல் சுற்றி வரலாம். மறுநாள் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மத்தியதரைக் கடலில் ஓதம் அநேகமாக இல்லை, அலையும் பெரும்பாலும் சாது. வங்கக் கடல் அப்படியல்ல. முழங்கால் தண்ணீரில் நிற்பவரையும் காலடி மணலை அரித்து உள்ளே இழுத்துவிடும். தால்கட்டோரா நீச்சல் குளத்தில் பரிசு வாங்கிய பையனாக இருந்தாலும் கடலில் அவன் புதியவன்தான். இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலக வேண்டும். 2021-இல் கோவளம் கரையின் ஒரு பகுதிக்கு நீலக் கொடிச் சான்று கிடைத்தது. 1985-இல் பிரான்ஸில் தொடங்கிய ஏற்பாடு அது. சுத்தமான நீர், கழிப்பறை, உயிர்காப்பாளர் முதலியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. குளிப்பதானால் அத்தகைய இடத்தில், உள்ளூர் மீனவரைக் கேட்டுவிட்டுக் குளிப்பது உத்தமம்.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு இந்தக் கரையில் ஒரு ஹோட்டலின் முன்னே, ஈர மணலில் நடந்து கொண்டிருந்த எங்களைக் காவலாளி ஒருவர் 'அந்தப் பக்கம் போங்க சார்' என்றார். ஹோட்டலின் பெயர் வேண்டாம். அவரும் ஏதோ ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். அவரிடம் சண்டை போடவில்லை. ஆனால் அந்த மணல் யாருடையது?

ஆறாம் நூற்றாண்டில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத்திலேயே காற்றும் கடலும் கடற்கரையும் எல்லாருக்கும் பொது. பியாஸ் நதிக்கரையை ஒரு ஹோட்டல் ஆக்கிரமித்த வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இந்தப் பழைய கோட்பாட்டையே எடுத்துக் கொண்டது. கடற்கரை போன்றவற்றுக்கு அரசாங்கம் ஜனங்களின் சார்பில் தர்மகர்த்தாவே தவிர, சொந்தக்காரர் அல்ல என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1981-இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதி, கடற்கரையில் 500 மீட்டர் வரை கட்டடம் எழும்பாமல் காக்கச் சொன்னார். 1991-இல் அது விதிமுறையாக வந்தபோது, கிராமக் கரைகளில் புதுக் கட்டடம் கூடாத தூரம் 200 மீட்டர் ஆயிற்று. 2019-இல் ஜன நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளுக்கு அது 50 மீட்டராகச் சுருங்கியது. ஐந்நூறில் தொடங்கி ஐம்பதுக்கு வந்திருக்கிறோம். கிரேக்கத் தீவான பாரோஸில் 2023-இல் ஊர் ஜனங்களே துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்து, வாடகை நாற்காலிக்காரர்களிடமிருந்து தங்கள் மணலைக் கேட்டார்கள்.

நாம் துண்டு விரிக்க வேண்டாம். போகிற இடத்தில் கடலுக்கு இறங்கும் பொதுப் பாதை அடைபட்டிருக்கக் கண்டால், இடத்தையும் தேதியையும் குறித்து, முடிந்தால் ஒரு படமும் எடுத்து, கோவளமும் மாமல்லபுரமும் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியருக்கு ஒரு மனு எழுதிப் போடலாம். தமிழிலேயே எழுதலாம். தில்லி விலாசம் போட்டால் செல்லாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.