பரீட்சை சர்க்காருடையது, புத்தகம் யாருடையது?



மில் தொழிலாளியின் மகள் கணக்கில் பட்டம் பெறுகிறாள். பி.எட்.டும் முடிக்கிறாள். பள்ளியில் சாக்பீஸ் பிடிக்க அது போதாதாம். 'டெட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010-இல் வந்த நிபந்தனை இது.

தகுதி பார்க்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஊராட்சிப் பள்ளியில் உட்கார்ந்திருப்பவை நம் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தருபவருக்குப் பின்னம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். நம் கேள்வி வேறு. பரீட்சை வைக்கிற சர்க்கார், படிக்கப் புத்தகம் தந்ததா?

2012 ஜூலையில் தமிழகத்தில் முதல் தேர்வு நடந்தது. 150 கேள்விகள்; ஒன்றரை மணி நேரம்! லட்சக்கணக்கானோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எழுதியவர்களை ஏளனம் செய்தோர் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள். பல மடங்கு பேர் தேறினார்கள். மூன்றே மாதத்தில் மூளை வளர்ந்துவிட்டதா? குற்றம் எழுதியவர்களிடம் மட்டுமா இருந்தது?

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளைப் பாருங்கள். குழந்தை வளர்ச்சி 30 மார்க், தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் விஞ்ஞானமும் சேர்ந்து 60. இத்தனைக்கும் பாடத்திட்டம் என்று தலைப்புகளின் பட்டியல் கொடுக்கிறார்கள். பட்டியலைப் படித்தால் பசி தீருமா?

கடைக்குப் போனால் தலையணை போன்ற கைடுகள். விடை இருக்கிறது, கணக்குப் போட்ட வழி இல்லை. வழி தெரியாத வாத்தியார் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்?

பயிற்சி மையத்துக்குப் போகலாமே என்பார்கள். நாமும் ஒரு கணக்குப் போடுவோம். கட்டணம் ரூ.10,000, நாட்கூலி ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் கூலி போயிற்று. ஜி.எஸ்.டி. கட்டும் மையமானால், அதன்மேல் 18 சதம், ரூ.1,800. ஏறக்குறைய இன்னும் 4 நாள் கூலி! வாத்தியாராக ஆசைப்பட்டதற்கு வரியா?

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது நம் காசு. அந்தக் காசில் ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் பள்ளிப் பாடநூல்கள் முழு வரிசையும், பழைய வினாத்தாள்களும், வழியோடு கூடிய தமிழ் விடைகளும் இருக்க வேண்டும். மாலையில் இலவச வகுப்பு நடக்க வேண்டும். இது பிச்சையல்ல, உரிமை!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் 6, 7, 8-ஆம் வகுப்புக் கணக்கு, விஞ்ஞானப் புத்தகங்களைச் சேகரியுங்கள். கேள்விகளுக்கு அடிப்படை அவைதான். 9, 10-ஆம் வகுப்புப் புத்தகங்களையும் விடாதீர்கள். நாலு பேர் கூடிப் படியுங்கள். சங்க அலுவலகத்தின் விளக்கும் பெஞ்சும் இரவில் இவர்களுக்கும் உதவட்டும்.

தேர்வு வைக்கும் சர்க்காரே, முதலில் புத்தகத்தை வை!