மணியளவு: தூளிலா, கட்டியிலா?

உலோகக் கலவையைப் பால்மில்லில் அரைத்து நானோபடிகத் தூளாக்குவது இன்று எந்த ஆய்வகத்துக்கும் அரிய வேலையன்று. 1960களின் பிற்பகுதியில் இன்கோ நிறுவனத்தின் ஜான் பெஞ்சமின், ஆக்சைடு நுண்துகள்களை நிக்கல் கலவைக்குள் சீராகப் பரப்புவதற்காக உருவாக்கிய இயந்திரவழிக் கலப்பு முறையில், குண்டுகளுக்கிடையே சிக்கும் தூள் ஓயாமல் நசுங்கி, உடைந்து, மீண்டும் ஒட்டிக்கொள்வதால், அதன் படிகமணிகள், அதாவது அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட சிறு பகுதிகள், 100 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகின்றன. ஆனால் பொறியாளருக்கு வேண்டியது தூளன்று, நுண்துளையற்ற திண்மக் கட்டி. இத்துறையின் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரைத்த தூள் மிகவும் கடினமாக இருப்பதால் குளிர்நிலையில் அழுத்தினால் எளிதில் இறுகுவதில்லை. உருகுநிலைக்குக் கீழே சூடாக்கித் துகள்களைப் பிணைக்கும் சின்டரிங் தேவைப்படுகிறது. ஆனால் துளைகளை நிரப்பும் அதே அணு நகர்வு, மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருப்பதற்கும் வழிவிடுகிறது. மணிகளுக்கிடையிலான எல்லைப்பரப்பு ஆற்றல் மிக்கது என்பதால், அதைக் குறைத்துக்கொள்ளவே உலோகம் முயலும். தூய நானோபடிகச் செம்பு அறை வெப்பநிலையிலேயே பருப்பது அறியப்பட்ட செய்தி.

இதற்கு உலையில் விடை தேடுவோர் பலர். கிராஃபைட் அச்சு வழியாகத் துடிப்பு மின்னோட்டம் செலுத்தி அழுத்தத்துடன் சில நிமிடங்களில் இறுக்கும் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் அவர்களுக்கு உகந்த கருவி. சூட்டில் இருக்கும் நேரத்தை அது குறைக்கிறது என்பது உண்மை. பருப்பதற்கான காரணத்தை அது தொடுவதில்லை. (அறிக்கைகளில் வரும் வெப்பநிலை பெரும்பாலும் அச்சினுடையது, தூளினுடையதன்று.)

வலுவான விடை கலவையின் வேதியியலில் இருக்கிறது. மணி எல்லைகளில் குடியேற விரும்பும் மாற்றணுவைத் தேர்ந்துகொண்டால் எல்லையின் ஆற்றலே குறைந்து, பருப்பதற்கான உந்துதல் தளர்கிறது. 2012இல் எம்.ஐ.டி.யின் கிறிஸ்டோபர் ஷூ குழுவினர், கணக்கிட்டுத் தேர்ந்த 20 அணுவிழுக்காடு டைட்டானியம் கொண்ட டங்ஸ்டன் கலவை 1100 பாகை செல்சியஸில் ஒரு வாரம் இருந்தும் நானோபடிகமாகவே நீடித்ததையும், கலவையற்ற டங்ஸ்டன் பன்மடங்கு பருத்ததையும் காட்டினர். 2015இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த டங்ஸ்டன்-குரோமியம் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: சூட்டில் பிரிந்து வெளிவரும் குரோமியம் மிகுந்த திண்மம் துகள்களுக்கிடையே கழுத்துகளாகப் படிந்து இறுகலையே விரைவுபடுத்தியது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தார் அரைத்து, சூடான கோண அச்சில் பிதுக்கி இறுக்கிய செம்பு-டான்டலம் கலவையில், டான்டலத்தின் நானோதிரள்கள் எல்லைகளைப் பிடித்து நிறுத்தியதால், மற்ற நானோபடிக உலோகங்களோடு ஒப்பிடுகையில் சூட்டில் மெல்ல நீளும் வேகம் பல்லாயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைந்ததை 2016இல் பதிவுசெய்தனர்.

இத்தகைய வெற்றிகளை மதிப்பிடும்போது ஒரு பழைய அனுபவம் நினைவில் இருக்க வேண்டும். ஆவியைக் குளிர்வித்துச் சேகரித்த தூளை அழுத்திச் செய்த தொடக்ககால நானோபடிகங்களின் மீள்மைக் கெழு வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தது. அதற்கு மணி எல்லைகளின் தனித்தன்மையே காரணம் என்று விளக்கங்கள் எழுந்தன. பெரும்பகுதிக் குற்றம் எஞ்சிய துளைகளுடையது என்பது பின்னரே தெளிந்தது. அரைவையிலும் இதற்கு இணையான ஏமாற்று உண்டு: குண்டுகளிலிருந்து தேய்ந்து சேரும் இரும்பும், தூள் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்தின் கரியும், காற்றின் ஆக்சிஜனும் கார்பைடு, ஆக்சைடு துகள்களாகி எல்லைகளைப் பிடித்துக்கொள்ளும்போது, அந்த நிலைப்புக்கான பெருமை திட்டமிட்டுச் சேர்த்த மாற்றணுவுக்குப் போய்விடுகிறது. எக்ஸ் கதிர் உச்சத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் பெறும் எண்ணும் அரைவையால் நேர்ந்த உள்திரிபைப் பிரிக்காவிட்டால் மணியளவாகாது. 100 நானோமீட்டரை அண்மிக்கும்போது அது பெரிதும் நம்பத்தக்கதுமன்று.

ஆகவே இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், தூளின் மணியளவோடு நின்றுவிடாமல், இறுக்கிய கட்டியின் மணியளவை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து பரவலோடு தருமாறும், அடர்த்தியையும் அரைத்த பின்னுள்ள இரும்பு, கரி, ஆக்சிஜன் அளவுகளையும் உடன் அளிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.