சூனியக்காரி யார்?

2002-ம் வருஷத்தில் ஸ்ரீ விஷால் பரத்வாஜ் தமது முதற் படமாக டைரெக்ட் செய்து வெளியிட்ட "மக்டீ" என்னும் ஹிந்திப் படத்தைக் குழந்தைகளின் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்விதம் கருதவில்லை.

கிராமத்தருகே ஒரு பாழ் மாளிகை; அதனுள் ஒரு சூனியக்காரி; உட்புகுந்தவர் மிருகமாகவோ பட்சியாகவோ மாறித்தான் வெளிவருவர் என்பது ஊராரின் திடமான நம்பிக்கை. சுன்னி என்னும் சிறுமியின் குறும்பு வினையாக முடிந்து, அவளுடைய இரட்டைச் சகோதரி முன்னி அங்கு அகப்பட்டுக் கொள்கிறாள். முன்னி கோழியாகிவிட்டாள் என்றும், நூறு கோழிகள் கொணர்ந்தால் மீட்கலாம் என்றும் சூனியக்காரி கூறுகிறாள். தோழன் மொகலே ஆஸமுடன் கூடி ஊரை ஏய்த்துத் திரிந்த பெண், இப்பொழுது உண்மையைச் சொல்ல அஞ்சி, சகோதரியின் வேஷத்தையும் தானே தாங்குகிறாள். இவ்விரு பாத்திரங்களையும் ஏற்ற குமாரி சுவேதா பாசு பிரசாதுக்குத் தேசிய விருது கிடைத்தது மிகப் பொருத்தமே.

கடைசியில் வெளிப்படுவது யாது? மந்திரமுமில்லை, மாயமுமில்லை. ஸ்ரீமதி ஷபானா ஆஸ்மி நடித்த அச்சூனியக்காரி, புதையலுக்கு ஆசைப்பட்ட வெறும் வஞ்சகி. அகப்பட்டவர்களை அடைத்துவைத்து மண் தோண்டச் செய்கிறாள். ஊராரின் பயமே அவள் மாளிகைக்கு மதில். பெரியோர் எவரும் எட்டிப் பாராததைச் சிறுமி ஒருத்தி பார்த்துவிடுகிறாள் என்பதே இப்படத்தின் சிறப்பு.

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. படத்தில் வஞ்சகி மாளிகைக்குள்ளே இருக்கிறாள். ஜார்க்கண்டிலும் அஸ்ஸாமிலும் வஞ்சகர் வெளியே நிற்கின்றனர். குழந்தை காய்ச்சலில் விழுந்தாலும், மாடு மடிந்தாலும் "ஓஜா" எனப்படும் மந்திரவாதி கை நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் ஒரு விதவையை. சில வேளைகளில் அவளது காணி நிலத்தின்மேல் பங்காளிக்கு ஏற்கெனவே ஒரு கண் இருக்கும். ஸராய்கேலா பிரதேசத்தின் ஸ்ரீமதி சுட்னி மஹதோ 1995-ல் இவ்வாறு "டாயின்" என்று பட்டஞ் சூட்டப்பட்டு, அடியுண்டு, ஊரை விட்டு ஓட நேர்ந்தது. பின்னர் அவர் தம்மைப் போன்ற பிற ஸ்திரீகளுக்குத் துணை நின்றார். 2021-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

சட்டம் இல்லாமலில்லை. பீஹார் 1999-ல் இயற்றியது. ஜார்க்கண்ட் 2001-ல் அதையே ஏற்றது. ஒருத்தியைச் சூனியக்காரியென்று பழிப்போருக்கு அச்சட்டம் விதித்த உச்ச தண்டனை மூன்று மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஸ்திரீயின் மானத்துக்கும் உயிருக்கும் இதுவா விலை? சத்தீஸ்கர் 2005-லும், ஒடிஸா 2013-லும், ராஜஸ்தானும் அஸ்ஸாமும் 2015-லும் தனித்தனியே சட்டம் செய்தன. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையிலோ இக்குற்றத்துக்கெனத் தனிப் பிரிவு இல்லை. பார்லிமெண்டு தேசம் முழுவதற்கும் ஒரே சட்டம் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அதுவரை அந்த ஜில்லாக்களின் பள்ளிக்கூடங்களில் "மக்டீ"யைக் காட்டட்டும். படம் முடிந்து விளக்கேற்றியதும், உபாத்தியாயர் ஒருவர் எழுந்து சுட்னி மஹதோவின் கதையையும் சொல்லட்டும்.