பழைய கமராவும் பன்னிரண்டு படங்களும்

பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கின்ற பொருள்கள் உள. பயன்படுத்தாது விடுவதாற் கெட்டுப்போகின்ற பொருள்களும் உள. பாயும் செருப்பும் முதல் வகை. இறைக்காத கிணறும் மீட்டாத வீணையும் இரண்டாம் வகை. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று எம்மூர்ப் பெரியோர் கூறுவது வெறும் கிணற்றைப் பற்றிய பேச்சன்று. ஆயினும், முன்னோர் கையாண்ட கருவி ஒன்று எமக்குக் கிடைத்தால் நாம் முதலிற் செய்வது என்ன? அதனைத் துடைத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றோம். பேணிவிட்டோம் என்ற மனநிறைவும் அடைகின்றோம். சில கருவிகளுக்கு அந்த அலுமாரியே கேடாய் முடிகின்றது. பழைய பிலிம் கமரா அத்தகையது.

2023 ஆம் ஆண்டிற் கனடாவிலிருந்து எனக்கு ஒரு பொதி வந்தது. ரொறன்ரோவிற் காலஞ்சென்ற என் அம்மான் தம் இளமையிற் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் வாங்கிய கமராவை மாமி அனுப்பியிருந்தார். காட்சிக்கு வைக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கடிதமும் உடன் இருந்தது. அந்தக் கட்டளையை நிறைவேற்றப் புகுந்தபோது கற்றவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். பலர் வீடுகளிலும் இவ்வாறான ஒரு பெட்டி தூங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

என் கைக்கு வந்தது றோலிகோட் என்னும் கமரா. யேர்மனியிற் பிரவுன்சுவைக் நகரில் 1920 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிராங்கே, ஹைடெக்கே என்ற இருவரின் தொழிலகம் 1929 இல் றோலிபிளெக்ஸ் என்ற இரட்டைவில்லைக் கமராவை விற்பனைக்கு விட்டது. அதன் விலை உயர்வாக இருந்தமையால், எளிமையாக்கப்பட்ட தம்பியாக 1933 இல் றோலிகோட் வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் இருக்கும். மேல் வில்லை நாம் காண்பதற்கு. கீழ் வில்லை படம் பதிப்பதற்கு. மேல் வில்லையூடு வரும் ஒளியை உள்ளே சாய்வாயிருக்கும் கண்ணாடி மேல்நோக்கித் திருப்ப, தேய்த்த கண்ணாடித் தகட்டிலே காட்சி தோன்றும். நிமிர்ந்தே தோன்றும், ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். நடந்து செல்பவரைத் தொடர்ந்து கமராவைத் திருப்ப முயன்றால் அவர் எதிர்ப்பக்கமாக ஓடுவார். கை இதற்குப் பழகச் சில நாள்கள் செல்லும்.

கமராவுடன் ஒரு தோற்பையிலே துணைக்கருவிகளும் வந்தன. வில்லைக்கு முன் மாட்டும் மறைப்பு, பக்கத்திலிருந்து வரும் ஒளி வில்லையில் விழாது தடுக்கும். எமது வெயிலில் இதனைக் கழற்றவே வேண்டியதில்லை. மஞ்சள் வடிகட்டி கறுப்பு வெள்ளைப் படத்துக்குரியது. நீல வானத்தை அது சற்றே கருமையாக்க, வெண்முகில்கள் எடுப்பாகத் தெரியும். அதற்கு ஈடாக ஏறத்தாழ இருமடங்கு ஒளி கொடுத்தல் வேண்டும். றோலிநார் எனப்படும் அண்மை வில்லைகள் இரண்டு சேர்ந்தவை. இக்கமரா தானாக ஏறத்தாழ ஒரு மீற்றருக்குக் கிட்ட நெருங்காது. இவற்றை மாட்டினால் அரை மீற்றர் வரையில் முகத்தை அணுகலாம். மேல் வில்லைக்கு மாட்டும் துண்டிற் சிவப்புப் புள்ளியொன்று உண்டு. அது மேற்பக்கமாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் காணும் காட்சியும் பதியும் காட்சியும் ஒத்துவரும்.

ஒளிமானி ஒன்றும் இருந்தது. மின்கலம் வேண்டாத செலனியம் வகை. அதன் முள் அசையவேயில்லை. செலனியத் தகடு காலப்போக்கில் தளர்ந்துவிடும் இயல்புடையது. முள் அசைந்தாலும், கைத்தொலைபேசியில் உள்ள ஒளியளவு செயலியோடு ஒப்பிட்டுப் பாராமல் அதனை நம்புதல் தகாது. மானி இல்லாதவர்க்கு முன்னோர் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு. நல்ல வெயிலிற் துவாரத்தை 16 இல் வைத்து, பிலிமின் வேக எண் எதுவோ அதன்படி செக்கனைப் பிரிக்க வேண்டும். நூறு வேகப் பிலிமுக்குச் செக்கனில் நூறில் ஒரு பங்கு. நானூறுக்கு, கமராவில் உள்ள ஐந்நூறில் ஒரு பங்கு. நான் நானூறு வேகப் பிலிமைப் போட்டு, விறாந்தை நிழலில் துவாரம் 5.6, செக்கனில் 125 இல் ஒரு பங்கு என்று வைக்கின்றேன். இதுவரை பெரும்பாலும் சரியாகவே அமைந்தது.

இனித் தூக்கத்தால் வந்த கேட்டைச் சொல்ல வேண்டும். கமரா நெடுங்காலம் தோலுறையினுள்ளேயே கிடந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இருளும் ஈரமும் சேர்ந்தால் வில்லையிற் பூஞ்சணம் படரும். விளக்கைப் பின்னாற் பிடித்துப் பார்த்தபோது சிலந்தி நூல் போன்ற கோடுகள் மேல் வில்லையிற் தெரிந்தன. காப்பதற்கென்று தைத்த உறைதான் கேட்டை வளர்த்திருக்கின்றது. இன்னொரு குறை: செக்கன் ஒன்று, அரை, கால் என்னும் மெதுவான வேகங்களிற் திரை பாதியிலே நின்றுவிட்டது. அசையாதிருந்த பொறியில் எண்ணெய் இறுகிப் பிசினாகிவிட்டமையே காரணம். கொழும்பில் ஒரு முதிய திருத்துநர் கமராவைப் பிரித்துத் துப்புரவு செய்து தந்தார். பூஞ்சணம் கண்ணாடியை அரிக்கவில்லை என்பது நல்லூழ். வீட்டில் வில்லையைக் கழற்ற முயலாதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். விட்ட எண்ணெய் திரைத் தகடுகளிற் பரவி நோயை முற்றச் செய்யும்.

இப்போது அது காற்றுப் புகாத பெட்டியிற் சிலிக்கா ஜெல் மணிகளோடு இருக்கின்றது. ஈரம் ஏறியதும் நிறம் மாறும் மணிகளை வாங்கினால், மாறியவுடன் அவற்றைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் இடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதனை அடிக்கடி செய்ய வேண்டும். பிலிம் இல்லாத வேளையிலும், மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகங்களிலும் திரையை இயக்கிப் பார்க்கின்றேன்.

பிலிம் கிடைக்குமா என்று பலர் கேட்கின்றனர். கிடைக்கும். இக்கமராவுக்குரிய 120 என்னும் அளவைக் கொடாக் நிறுவனம் 1901 இல் அறிமுகம் செய்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த அளவு மாறவில்லை. இல்போட், கொடாக் முதலானோரின் பிலிம்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. ஆனால் விலை குறைவன்று. ஒரு சுருளிற் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். தாளில் உள்ள அம்புக்குறியைக் கமராவினுள் உள்ள அடையாளங்களுக்கு நேராக வைத்து, பின்கதவை மூடி, ஒன்று என்ற எண் வரும்வரை திருக வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைத் திருகுவது ஒரு வேலை. வில்லையின் கீழுள்ள நெம்பை ஒருபுறம் தள்ளித் திரையை முறுக்குவது இன்னொரு வேலை. அதே நெம்பை மறுபுறம் தள்ளினாற் படம் பதியும். அவசரக்காரர்க்கு இது ஏற்றதன்று.

இவ்விடத்தில், கிடைத்த கமராவை வீணாக்காத ஓர் அம்மையாரை நினைவுகூர்தல் பொருந்தும். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த யூலியா மாகிறற் கமரன், இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1863 ஆம் ஆண்டு மார்கழியில் மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாக அளித்தனர். தனிமையிற் பொழுதுபோகட்டும் என்பதே அவர்கள் எண்ணம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அடுத்த மாதமே ஒரு சிறுமியின் முகத்தைப் படமெடுத்து, அதுவே தமது முதல் வெற்றி என்று குறித்துக்கொண்டார். ஹேர்ஷல், டார்வின், தெனிசன் முதலியோரின் முகங்களை இன்று நாம் அறிவதில் அவருடைய பங்கு பெரிது. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர் இங்குள்ள தொழிலாளரையும் படமெடுத்தார். அவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. 1879 இல் மலைநாட்டில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். நடுவயதிற் கைக்கு வந்த பொருள் எத்துணை தூரம் ஒருவரைக் கொண்டுசெல்லும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

பன்னிரண்டு படங்களை யாருக்காகச் செலவிடுவது? எனக்கு விடை எளிதாகவே கிடைத்தது. அம்மான் இக்கமராவில் எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் இரண்டு அல்பங்களில் இருந்தன. நெகற்றிவ்கள் ஒரு பிஸ்கற் தகரத்தில் இருந்தன. 1984 இல் அவர் நாட்டை விட்டுச் சென்றபோது கமராவை எடுத்துச் சென்றார். படங்கள் ஊரிலிருப்பதே பாதுகாப்பு என்று விட்டுச் சென்றார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவிலே நாங்கள் எடுத்துச் சென்றது அரிசியும் உடுப்பும் கல்விச் சான்றிதழ்களுமே. திரும்பி வந்தபோது அல்பமும் இல்லை, தகரமும் இல்லை. கருவி கடல்கடந்து பிழைத்தது. அது கண்ட முகங்கள் பிழைக்கவில்லை. என் பாட்டியாரின் படம் ஒன்றுகூட எம்மிடம் இல்லை.

ஆகவே முதற் சுருளை முதியோருக்கென ஒதுக்கினேன். அன்னையார் முதலில் இணங்கவில்லை. கிழவிக்குப் படம் எதற்கு என்றார். இணங்கியபின் விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார். இக்கமராவை மார்பளவிற் பிடித்துத் தலைகுனிந்தே காட்சியைப் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு, கண்ணை மறைத்த ஓர் இயந்திரமன்றி, குனிந்து நிற்கும் ஒரு மனிதன் தெரிகின்றான். அண்ணனும் இப்படித்தான் கும்பிடுகிறவன் போல நின்று படம் எடுப்பான் என்று அன்னையார் சொன்னார். சொல்லிச் சிரித்த அந்தக் கணமே பதிந்தது.

பிலிமை நானே வீட்டிற் கழுவினேன். கழுவும் மருந்துகளுக்கு விதித்த வெப்பநிலை 20 பாகை. எமது குழாய்நீர் 28 பாகைக்குக் குறைவதில்லை. வெப்பம் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டாற் படம் ஒருசீராக உருப்பெறாது. எனவே பனிக்கட்டி இட்ட பாத்திரத்தில் மருந்துப் போத்தல்களை வைத்துக் குளிர்வித்தேன். யாழ்ப்பாணத்து நீர் சுண்ணக்கற்பாறையில் ஊறி வருவது. அதிற் கடைசியாக அலசினால் உலர்ந்த பிலிமில் வெண்புள்ளிகள் படியும். வாகன மின்கலத்துக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரில் இறுதி அலசலைச் செய்தால் அத்தொல்லை இல்லை. பிலிமைச் சுருளிற் கோப்பதை, கெட்டுப்போன ஒரு பிலிமைக் கொண்டு முதலில் வெளிச்சத்திலும் பின்னர் கண்ணை மூடியும் பழகிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டில் ஒன்பது நன்றாக வந்தன. அச்சிட்ட படத்தை அன்னையாரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்து, இது தம்முடைய முகமன்று, தம் தாயாரின் முகம் என்றார். நான் பாட்டியாரின் முகத்தை அன்றுதான் கண்டேன்.

வாசகர்களுக்கு இரண்டொரு வேண்டுகோள். வீட்டிற் பழைய கமரா இருந்தால் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள். பின்கதவைத் திறக்குமுன் உள்ளே பிலிம் உண்டா என்று திருகிப் பாருங்கள். படம் எடுத்தால் அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலாற் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பெயரற்ற முகம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரே. ஒரே வீட்டில் எல்லாப் பிரதிகளையும் வைக்காதீர்கள். நான் ஒரு பிரதியைக் கனடாவிலுள்ள மாமிக்கு அனுப்பினேன். நெகற்றிவைத் தனியே ஓர் உறையில் இட்டுத் தங்கை வீட்டில் வைத்திருக்கின்றேன். இரண்டாவது சுருள் இப்போது கமராவில் இருக்கின்றது. அதில் ஏழு படங்கள் மீதி. அயலில் எண்பதைக் கடந்தவர்கள் இன்னும் நால்வர் உளர். இந்த வாரமே அவர்களிடம் செல்ல வேண்டும்.